வெயிட்டே இல்லாத லென்ஸ்

பார்சலைக் கையில் வாங்கியதுமே தூக்கித் தூக்கிப் பார்த்தேன். பெட்டி இருந்தது, அதற்குள் எதுவும் இருக்கிற மாதிரி தெரியவில்லை. பார்சல்காரர் வண்டியைக் கிளப்புவதற்குள், "அண்ணா, ஒரு நிமிஷம் இருங்க, உள்ள சாமான் இருக்குதான்னு பார்த்துடறேன்" என்றேன். அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "இருக்கும்க்கா. நான் இன்னும் பத்து பதினஞ்சு வீட்டுக்குப் போவணும்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

உள்ளே லென்ஸ் இருந்தது. ஒரு கொய்யாக்காய் அளவு. கறுப்பு பிளாஸ்டிக். கேமராவில் மாட்டுகிற பின்பக்க வளையம்கூட பிளாஸ்டிக்தான். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன். லொடக் என்று ஒரு சத்தம் வந்தது. உடைந்ததைத்தான் அனுப்பிவிட்டான் என்று முடிவு செய்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, லொடக் என்றது என் கண்ணாடி வளையல்.

அது ஐம்பது எம்எம் லென்ஸ். ஜூம் கிடையாது. அந்தக் கம்பெனி விற்பதிலேயே விலை குறைந்தது. என் நாத்தனார் நெய்கிற பட்டுப் புடவைகளில் மட்டமான ஒன்றைவிடவும் விலை குறைவு. பிடிக்கவில்லை என்றால் பத்து நாளைக்குள் திருப்பி அனுப்பலாம். அந்தப் பத்து நாள்தான் என்னைப் படுத்தியது. திருப்ப முடியாது என்றிருந்தால் ஒரே நாள் அழுதுவிட்டுப் பழகிக்கொண்டிருப்பேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். ஏன் நின்றாள் என்று கேட்டால் என் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து காரணம் ஒன்றுதான்: பரீட்சை என்றால் எனக்கு வாந்தி வரும். வினாத்தாளைக் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே பெயில் ஆகிவிட்டதாக நினைத்து அழுகிறவளை எத்தனை வருஷம்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது? கல்யாணமாகி, பிள்ளை பெற்று, முப்பத்தெட்டு வயதாகியும் அந்தப் புத்தி மாறவில்லை. பால் பொங்குவதற்கு முன்பே பொங்கிவிட்டதாக ஓடுவேன்.

இப்படிப்பட்டவளுக்குக் கேமரா எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்குச் செய்யாரில் கம்பெனி வேலை, ஷிப்ட். அவர் தங்கை, அதாவது என் நாத்தனார், எங்கள் ஆரணியை ஒட்டின சேவூரில் இருக்கிறாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் பட்டுத்தறி போட்டிருக்கிறார்கள். அவள் வாய் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. கடைக்காரரிடம் கொடுப்பது போக மாதம் நாலைந்து புடவைகளை போன் குரூப்பில் போட்டு நேராகவே விற்பாள். அந்தப் புடவைகளைப் போட்டோ எடுத்துத் தருவது நான். முதலில் போனில் எடுத்தேன். ஒரு கல்யாண போட்டோகிராபர் தன் பழைய கேமராவை விற்றபோது, என் வீட்டுக்காரர் அதை எனக்கு வாங்கித் தந்தார். புடவைக்கு இவ்வளவு என்று நாத்தனார் எனக்குத் தருவாள். என் வாழ்க்கையில் 'என் வேலை' என்று நான் சொல்லிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. அடுத்தடுத்து இரண்டு புடவைகள் திரும்பி வந்துவிட்டன. இரண்டுமே மயில்கழுத்து நிறம். அந்த நிறத்துக்குச் சாயம் கிடையாது. நீளவாட்டில் ஓடுகிற பாவு நீலம், குறுக்கே ஓடுகிற ஊடை பச்சை. புடவையைத் திருப்பத் திருப்ப ஒரு நேரம் நீலமாகவும் ஒரு நேரம் பச்சையாகவும் மினுக்கும். என் போட்டோவில் அந்த மினுக்கல் வரவில்லை. எங்கள் வீட்டுக்குள் வெளிச்சம் கம்மி. கேமராவோடு வந்த பழைய லென்ஸும் என்னை மாதிரியே இருட்டுக்குப் பயந்தது. ஃபிளாஷ் போட்டால்தான் படம் விழும். ஃபிளாஷ் போட்டால் ஜரிகை வெள்ளைத் தகடாகிவிடும், புடவை முழுக்க ஒரே நீலம். "போட்டோல நீலம், கையில பச்சை. ஏமாத்தறீங்களா?" என்று ஒரு அம்மா கேட்டாராம். இன்னொருவர் எதுவும் கேட்கவில்லை, அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். தெருவில் வெயிலில் வைத்து எடுக்க நாத்தனார் விடமாட்டாள். தூசி, காக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்.

மூன்றாவது புடவைக்கு ஆர்டர் வந்தது. அதுவும் மயில்கழுத்துதான். உடம்பு முழுக்க ஜரிகையில் பொடிக் கட்டம். சென்னையில் ஒரு அம்மா, மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கேட்டார். "போட்டோ பார்த்துட்டுத்தான் சொல்லுவேன். போட்டோ மாதிரி இல்லைன்னா திருப்பிடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, மனசுல வெச்சுக்காதீங்க. இதுவும் திரும்பி வந்துச்சுன்னா அடுத்ததை நான் ஸ்டுடியோவுக்குக் குடுத்துடுவேன். என் வீட்டுக்காரர் ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சுகினு உக்காந்திருக்காரு."

அதனால்தான் அந்த லென்ஸ். அதன் வாய் பெரியது, நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும், ஃபிளாஷே வேண்டாம் என்று போனில் வீடியோ போடுகிற ஒருவர் சொன்னார். அடுத்த வீடியோவில் இன்னொருவர், அதெல்லாம் பொம்மை, காசைக் கரியாக்காதீர்கள் என்றார். இரண்டு பேரையும் நம்பினேன். அதுதான் என் பிரச்சினை.

பார்சல் வந்த அன்று சாயங்காலம் நாத்தனார் வந்தாள். லென்ஸை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"வெயிட்டே இல்லைம்மா. டூப்ளிகேட்டா இருக்குமோ?"

அவள் லென்ஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "ஆரணியில இருந்துகினு வெயிட் இல்லைன்னு குறை சொல்ற ஆளு நீங்க ஒருத்தர்தான் அண்ணி. நம்ம ஊருப் பட்டை வெளியூர்க்காரங்க எதுக்குத் தேடிகினு வர்றாங்க? கட்டினா பாரம் தெரியலைன்னுதானே?"

"அது புடவை. இது லென்ஸு."

"இதோ மேல தங்கக் கோடு போட்டிருக்கான் பாருங்க. குடுங்க, ஜரிகை மாதிரி கல்லுல உரசிப் பார்த்துடலாம்."

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "எடுத்துப் பாரு. எடுக்காமலே அழுதா இன்னா அர்த்தம்?" என்று குரல் கொடுத்தார்.

எடுத்துப் பார்த்தேன். மறுநாள் காலை ஜன்னலைத் திறந்துவைத்து, கொடியில் என் பழைய புடவை ஒன்றைத் தொங்கவிட்டு எடுத்தேன். ஃபிளாஷ் இல்லாமலே படம் வெளிச்சமாக விழுந்தது. ஆனால் ஒரே ஒரு மடிப்புதான் தெளிவு. அதற்கு முன்னாலும் பின்னாலும் எல்லாம் புகை. பாதிப் புடவை மங்கலாக இருந்தால் அது ஓட்டை லென்ஸ்தானே? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம், லென்ஸின் வாய் அளவைக் காட்டுகிற நம்பரில் இருந்தது. லென்ஸின் வாயைச் சின்னதாக்கினால் தெளிவு கூடும் என்று படித்திருந்தேன். சின்னதாக்க நம்பரைக் குறைத்துக்கொண்டே போனேன். ஒன்று புள்ளி எட்டுக்குக் கீழே அது இறங்கவே இல்லை. கணக்குப் பரீட்சை மறுபடி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். போனில் நாத்தனாரிடம் புலம்பினேன். பின்னால் தறி சத்தம் கேட்டது. அவள் தறியை நிறுத்தவில்லை.

"நம்பரை ஏத்திப் பாருங்க அண்ணி."

"ஏத்தினா பெருசாகும்ல?"

"நாப்பதாம் நம்பர் நூல் மெலிசா, நூறாம் நம்பர் நூல் மெலிசா?"

"நூறுதான் மெலிசு."

"அவ்ளோதான். நம்பர் ஏறினா சின்னது. இதுல இன்னா பேஜாரு?"

நாலில் வைத்தேன். புடவை மேலிருந்து கீழ்வரை கண்ணாடி மாதிரி நின்றது. பழைய லென்ஸைவிட அப்போதும் நிறைய வெளிச்சம். எனக்கு நம்ப முடியவில்லை. முப்பது முப்பத்தைந்து படம் எடுத்தேன், எங்கேயாவது குறை கிடைக்குமா என்று. கிடைக்கவும் செய்தது. ஃபோகஸ் தேடும்போது டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி கீச் கீச் என்கிறது. ஜூம் இல்லாததால் நாம்தான் நடக்க வேண்டும். முழுப் புடவையும் படத்தில் வர வேண்டுமென்றால் கூடத்தில் பின்னாலேயே போய், வாசற்படி தாண்டி, தெருவில் நின்று எடுக்க வேண்டும். கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகத் தெருவில் இறங்கினவளை பைக்கில் வந்த இரண்டு பேர் ஹாரன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்தேன், திருப்புவதாக இருந்தால் காரணம் வேண்டுமே.

நாலாம் நாள் அந்தப் புடவை நெய்து முடிந்து தறியிலிருந்து இறங்கியது. நாத்தனார் வெள்ளைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தாள். விரித்ததும் கூடம் முழுக்க ஒரு மயில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எடுத்தேன். கேமராவின் கார்டை டிவியில் சொருகினோம், பெரிதாகப் பார்க்கலாம் என்று.

பார்த்தோம். புடவை முழுக்க அலை.

பொடிக் கட்டத்தின் மேல் வளைவு வளைவாக, ரோட்டுத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் ஓடுமே அந்த மாதிரி, ஊதாவும் மஞ்சளுமாக ஓடியது. லென்ஸ் போச்சு என்று நினைத்தேன். ஆனால் நாத்தனார் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு லென்ஸ் ஞாபகமே இல்லை. நெய்கிறவர்களுக்குப் புடவையில் அலை என்றால் ஒரே அர்த்தம்தான்: ஒரு இடத்தில் அழுத்தி அடித்து, ஒரு இடத்தில் விட்டு அடித்திருக்கிறார்கள்.

"ஐயோ, இழை ஒதுங்கியிருக்கா? நான் பார்த்தப்ப இல்லையே!" என்று கொடியிலிருந்து புடவையை இறக்கினாள். இழை எண்ணுகிற சின்ன பூதக்கண்ணாடி ஒன்று அவள் பையில் எப்போதும் இருக்கும். ஜன்னலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முந்தியிலிருந்து ஆரம்பித்தாள். நான் குறைத் தாளில் கடைசி வரியாக 'அலை' என்று எழுதிவிட்டு, அவள் பக்கத்தில் நின்று, "எல்லாம் என்னாலதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"கொஞ்சம் வாயை மூடுங்க அண்ணி, எண்ணிகினு இருக்கேன்."

அரை மணி நேரம் பார்த்தாள். ஒரு இழைகூடப் பிசகவில்லை. எழுந்தவள் அதே வேகத்தில் டிவிக்குப் போய், பூதக்கண்ணாடியை அதன் மேல் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். டிவியில் இழை எண்ண ஆரம்பித்த ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அண்ணி, ஜல்தி வாங்க! இங்க மயில்கழுத்தே இல்ல. சிவப்பு, பச்சை, நீலம், மூணு கலர்தான் பொட்டுப் பொட்டா வெச்சிருக்கான். நீளத்துக்கும் குறுக்குக்கும் வரிசையா. இவனும் தறியில நெய்ஞ்ச மாதிரிதான் வெச்சிருக்கான்!"

நானும் பார்த்தேன். ஆமாம், கட்டம் கட்டமாக, அத்தனை ஒழுங்காக. இரண்டு பேரும் டிவியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம். நாத்தனார் திடீரென்று நிமிர்ந்தாள். பாவு இழைகளைச் சீப்பு மாதிரி பிரித்து நிறுத்துகிற அச்சு ஒன்று தறியில் இருக்கும். புது அச்சு வாங்கினால் பழையதன் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களாம். "அப்ப இதே மாதிரி அலை ஓடும் அண்ணி. ரெண்டு அச்சும் நல்ல அச்சுதான். ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா ஓடும்!"

ஓடிப்போய்க் கொசுவலையை எடுத்துவந்தேன். இரண்டு மடிப்பாக ஜன்னலில் பிடித்தோம். அலை. ஒன்றை லேசாக நகர்த்தினால் அலையும் நகர்ந்தது. நாத்தனார் வலையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. டிவிக்குள் கட்டம் இருந்தால் கேமராவுக்குள்ளும் ஏதோ ஒரு கட்டம் இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தின் மேல் புடவையின் கட்டம் போய் உட்கார்ந்திருக்கிறது. பழைய லென்ஸை மாட்டி, அதே இடத்தில் நின்று அதே புடவையை எடுத்தேன். அலை இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால் இழையும் இல்லை. சாயம் பூசின சுவர் மாதிரி மொழுக்கென்று இருந்தது. புது லென்ஸை மாட்டி ஒரு எட்டு முன்னால் போய் எடுத்தேன். அலை போய்விட்டது. ஜரிகை தனித்தனியாக நின்றது. என் லென்ஸ் இழையை அவ்வளவு சுத்தமாக உள்ளே கொண்டுபோனதால்தான் அலையே வந்தது! குறை என்று நான் தாளில் எழுதி வைத்திருந்த கடைசி வரியை அடித்துவிட்டேன்.

அன்று மத்தியானமே, ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு மடிப்பு இந்தப் பக்கமும் ஒரு மடிப்பு அந்தப் பக்கமுமாகத் திருப்பிப் போட்டு எடுத்தேன். ஒரே படத்தில் ஒரு மடிப்பு நீலம், அடுத்த மடிப்பு பச்சை, நடுவில் இரண்டும் இல்லாத அந்த மயில்கழுத்து. நாத்தனார் புடவையையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதையே அனுப்பிடலாம் அண்ணி" என்றாள்.

சென்னை அம்மா பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லிவிட்டார். ஆறாம் நாள் புடவை கூரியரில் போனது. எட்டாம் நாள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதாக மெசேஜ் வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. எட்டாம் நாள் சாயங்காலம் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் காலையிலும் ஒன்றுமில்லை.

மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லாததுதான். எனக்கு அதற்குள் அந்தப் புடவை திரும்பி வந்து, நாத்தனார் ஸ்டுடியோவுக்குப் போய், என் வேலை போய், கேமரா அலமாரியில் பூஞ்சை பிடித்து, எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. லென்ஸுக்குக் கொடுத்த காசையாவது காப்பாற்றுவோம் என்று, ஒன்பதாம் நாள் மத்தியானம் திருப்பி அனுப்புகிற பட்டனை அழுத்திவிட்டேன். காரணம் கேட்டது. 'தரம் திருப்தி இல்லை' என்பதில் விரல் வைத்தேன். மனசாட்சி குத்தியது. போனைச் சத்தமில்லாமல் ஆக்கி அரிசி டப்பா மேல் கவிழ்த்து வைத்தேன்.

பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு அதே பார்சல்காரர் வந்தார். நான் பெட்டியை டேப் ஒட்டித் தயாராக வைத்திருந்தேன். அவர் வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள சாமான் இருக்குதாக்கா?"

"இருக்குண்ணா."

"இல்ல, வெயிட்டே இல்லையே, அதான் கேட்டேன்."

அந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு ஸ்கூட்டி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. நாத்தனார். பின்னல் பாதியில் அவிழ்ந்து கிடந்தது. வண்டியை நிறுத்துவதற்கு முன்னாலேயே கத்த ஆரம்பித்துவிட்டாள்.

"போனை இன்னா கிணத்துல போட்டீங்களா அண்ணி? காலைலேர்ந்து இருபது தடவ அடிச்சிட்டேன்!" பெட்டியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணா, அந்தப் பொட்டியைக் கீழ வைங்க."

"இது ரிட்டர்ன் பார்சல்மா."

"எந்தப் பார்சலா இருந்தாலும் கீழ வைங்க!"

அவர் வைத்துவிட்டார். நாத்தனார் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி ஒரு குரல் மெசேஜைப் போட்டாள். சென்னை அம்மா. முதலில், "இந்த போட்டோ எடுத்தது யாருங்க?" என்று வந்தது. திட்டத்தான் கேட்கிறார் என்று முடிவு செய்தேன். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டேன். "நேத்து முழுக்க சொந்தக்காரங்க எல்லாரும் வந்து பார்த்துகினே இருந்தாங்க, அதான் பேச முடியலை. இந்த மடிப்பு நீலம், அந்த மடிப்பு பச்சை, போட்டோல எப்படியோ கையிலயும் அப்படியே இருக்கு. என் பொண்ணு தோள்ல போட்டுகினு கழட்டவே மாட்டேங்கறா. சம்பந்தி வீட்டுக்கும் ரெண்டு வேணும். முன்னாடி போட்டோ அனுப்புங்க, அதே ஆளு எடுக்கணும்."

அதே ஆளு. நாத்தனார் அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டாள். பார்சல்காரரும் கேட்டுவிட்டு, "அந்த ஆளு நீங்களாக்கா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"அப்ப இதைக் கேன்சல் பண்ணிடலாமா?" என்று அவர் தன் போனை எடுத்தார். எடுத்தவர் திரும்பிப் பார்த்தார். "காரணம் கேக்குதுக்கா. இன்னா போடட்டும்?"

நான் யோசிக்க ஆரம்பித்தேன். தப்பான காரணம் சொன்னால் ஏதாவது ஆகுமோ?

நாத்தனார் விடவில்லை. "வெயிட் இல்லைன்னு போடுங்கண்ணா."

"அதுக்குத் திருப்பித்தானே அனுப்புவாங்க?"

"எங்க ஊர்ல அதுக்குத்தான் வாங்குவாங்க."

அவர் என்ன போட்டார் என்று தெரியாது, சிரித்துக்கொண்டே எதையோ தட்டினார். நான் டேப்பைப் பல்லால் கடித்துப் பிரித்து, லென்ஸை மாட்டி, அங்கேயே வாசலில் நாத்தனாரை எடுத்தேன். புடவையை விற்பதற்காக இல்லாமல் நான் எடுத்த முதல் படம். லென்ஸின் வாயைத் திறக்கிற மட்டும் திறந்து, ஒன்று புள்ளி எட்டில். கண்ணிமை முடி ஒவ்வொன்றும் தனித்தனி. காது லேசாக மங்கல். பின்னால் பார்சல்காரரும் அவர் வண்டியும் சிவப்பும் மஞ்சளுமாகக் கரைந்துபோயிருந்தார்கள். ஆரம்பத்தில் எதை ஓட்டை என்று நினைத்து சோறு தின்னாமல் கிடந்தேனோ, அதுதான் அந்தப் படத்தில் அழகு.

"நான் எங்கக்கா?" என்று எட்டிப் பார்த்தார் பார்சல்காரர். அவரையும் தனியாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி, தலை வாரிக்கொண்டு நின்றார்.

லென்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சம்பந்தி வீட்டுப் புடவைகள் இரண்டும் போய்விட்டன, திரும்பவில்லை. வண்டு மாதிரி கீச்சிடுவது நிற்கவில்லை. நானும் தெருவில் பின்பக்கமாக இறங்குவதை நிறுத்தவில்லை. கவலையும் தீரவில்லை. அன்றைக்கு வாசலில் வைத்த லென்ஸ் மூடியைக் காணோம். பார்சல்காரர் பையில் விழுந்திருக்குமோ என்று அடுத்த முறை அவர் வந்தபோது கேட்டேன். "விழுந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காதுக்கா, அதுக்கும் வெயிட் இல்லையே" என்றார்.